கிரேக்க வெண்கலக் காசுக்குப் புளி வேண்டாம்

கேள்வி:

நான் பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். சோழர் காசு, மதுரை நாயக்கர் காசு, கம்பெனிக் காசு என்று கையில் அகப்பட்டதைப் பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன் பொங்கலுக்கு வந்தபோது ஒரு கிரேக்கக் காசு வாங்கி வந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் ‘மாசிடோனியா, ஏ.ஈ. 18, 6.4 கிராம்’ என்று ஒரு சீட்டு. காசின் ஒரு பக்கம் தலையில் நாடா கட்டிய இளைஞனின் முகம். மறுபக்கம் குதிரைமேல் ஒருவன். அவனுக்கு மேலே சில எழுத்துகள்: நடுவில் கோடு போட்ட வட்டம், ஒரு குச்சி, கூரை மாதிரி ஒன்று, மறுபடி ஒரு குச்சி. அதற்குமேல் தேய்ந்துவிட்டது.

வெள்ளிக் காசு என் ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகாது. கிரேக்க வெண்கலக் காசுகளையாவது சேர்க்கலாமே என்று ஆசை வந்திருக்கிறது. என் சந்தேகங்கள் இவை:

1. என் காசு யாருடையது? ஏ.ஈ. 18 என்றால் என்ன?
2. வெண்கலத்திலும் போலி உண்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?
3. கரூர்ப் பக்கம் ஒருவர், அமராவதி ஆற்றில் கிடைத்த கிரேக்கக் காசு என்று சிலவற்றைக் காட்டுகிறார். வாங்கலாமா?
4. எதைச் சேர்ப்பது, எங்கே தொடங்குவது?
5. காசின் ஓரத்தில் இளம்பச்சையாகத் தூள் பூக்கிறது. துடைத்தால் போகிறது, சில நாளில் திரும்ப வருகிறது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் என் மனைவி. தேய்க்கலாமா?

— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்:

ஐயா, ஐந்தாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தேய்க்காதீர்கள். மற்றவை காத்திருக்கும், அந்தத் தூள் காத்திருக்காது.

பழைய வெண்கலக் காசில் தெரியும் பச்சை எல்லாம் ஒன்றல்ல. கெட்டியாக, வழவழப்பாக, பல்குச்சியால் சுரண்டினாலும் அசையாமல் இருக்கும் பச்சையோ பழுப்போ காசுக்குக் கவசம். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் உலோகத்தின் மேற்பரப்பே ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறி இறுகிய தோல் அது. சேகரிப்பவர்கள் அதைப் பாட்டினா என்பார்கள். முகத்தின் மூக்கு நுனியும் தலைமுடியின் இழைகளும் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் நிற்கின்றன. தோலைக் கரைத்தால் கோலமும் போய்விடும்.

உங்கள் காசில் பூப்பது வேறு. வெளிறிய பச்சை, விரலில் ஒட்டும் மாவு, துடைத்தாலும் திரும்ப வரும் குணம்: மூன்றும் வெண்கல நோயின் அடையாளம். மண்ணில் இருந்த உப்பின் குளோரைடு உள்ளே இறங்கிச் செம்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஈரமும் ஆக்ஸிஜனும் பட்டவுடன் அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் செம்பை அரிக்கிறது. அதில் மறுபடி குளோரைடு சேர்கிறது. விட்டுவைத்தால் காசில் குழி விழும். தூத்துக்குடியின் கடற்காற்றில் இதன் வேகம் கூடத்தான் செய்யும். இப்போது புளியை நினைத்துப் பாருங்கள். அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம் பாட்டினாவைக் கரைக்கும். கூடப் போடும் உப்பு புதிதாகக் குளோரைடைக் கொண்டுவந்து சேர்க்கும். குத்துவிளக்குக்கு நல்லது இந்தக் காசுக்கு நஞ்சு.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் காசை மற்றக் காசுகளிடமிருந்து பிரித்து வையுங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே மரப் பல்குச்சியால் தூளை மட்டும் எடுங்கள். பிறகு கண்ணாடிக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, காசை ஊறப்போட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலேயே குளோரைடு உண்டு. வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். குளோரைடு இன்னும் வெளியேறுகிறதா என்று அறிய, உங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் கொடுங்கள். சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டதும் பால்போலக் கலங்கினால் ஊறலைத் தொடருங்கள். கலங்காமல் தெளிவாக நின்றால் காசை எடுத்து, ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள்.

அதற்குப் பின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்றும் இருக்கட்டும். 40 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நோய் அடங்கிக் கிடக்கும். சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். காசு வந்த உறை பி.வி.சி. பிளாஸ்டிக்காக இருந்தால் இன்றே மாற்றுங்கள். அது நாளாக ஆகப் பச்சைப் பிசினைக் கசியவிடும். சோடியம் செஸ்குவிகார்பனேட், பென்சோட்ரையசோல் என்று சிலர் மருந்து சொல்வார்கள். முதலாவது பாட்டினாவின் நிறத்தை மாற்றக்கூடும். இரண்டாவது உடம்புக்குக் கெடுதல். அவற்றை அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்களிடம் விட்டுவிடுங்கள்.

இனி முதல் கேள்வி. ஏ.ஈ. என்பது செம்பு, வெண்கலம் இரண்டுக்கும் நாணயவியலார் போடும் குறி. 18 என்பது மில்லிமீட்டரில் விட்டம். வெள்ளிக்கு டிராக்மா, ஓபோல் என்று மதிப்புப் பெயர் சொல்லிவிடலாம். பெரும்பாலான வெண்கலக் காசுகளுக்கு அந்தக் காலத்துச் சந்தையில் என்ன பெயர் இருந்தது, எத்தனை சேர்ந்தால் ஓர் ஓபோல் என்பது ஊருக்கு ஊர் வேறு. ஏதென்ஸில் எட்டு கால்கூஸ் ஓர் ஓபோல். மற்ற ஊர்களில் நிச்சயமில்லாததால் விட்டத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

யாருடையது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். நடுவில் கோடு போட்ட வட்டம் ‘ஃப்’ ஒலிக்கான எழுத்து, குச்சி ‘இ’, கூரை ‘ல்’, மறுபடி ‘இ’. தேய்ந்த இடத்தில் வாசற்கால் போல இரண்டு எழுத்துகள், ஒரு சிறு வட்டம், ஒரு கவை இருந்திருக்க வேண்டும். காசைச் சாய்வான வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அவற்றில் ஒன்றிரண்டின் நிழலாவது தட்டுப்படும். முழுவதும் சேர்ந்தால் ‘ஃபிலிப்பூ’, அதாவது பிலிப்புடையது. கி.மு. 359 முதல் 336 வரை மாசிடோனியாவை ஆண்ட இரண்டாம் பிலிப், அலெக்சாண்டரின் தந்தை. நாடா கட்டிய முகம் அப்பொல்லோவுடையது. குதிரைக்காரனைப் பிலிப்பின் பந்தய வெற்றியோடு இணைத்துப் பார்க்கிறார்கள். கி.மு. 356-ல் பிலிப்பின் குதிரை ஒலிம்பிக்கில் வென்ற செய்தியும் அலெக்சாண்டர் பிறந்த செய்தியும் ஒரே சமயத்தில் வந்தன என்று புளூட்டார்க் எழுதுகிறார். 18 மில்லிமீட்டர், 6.4 கிராம் இந்த வகைக்குப் பொருத்தமான அளவு. பிலிப் கொலையுண்ட பிறகும் அவர் பெயரில் இந்தக் காசு அடிக்கப்பட்டதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆகவே உங்கள் காசு அவருடைய ஆயுளுக்குள் பிறந்ததுதான் என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.

வெண்கலத்தைச் சேர்க்க நினைக்கிறவர், அது ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். கிரேக்கர்கள் முதலில் சில்லறைக்கும் வெள்ளியையே வெட்டினார்கள். ஏதென்ஸின் கால் ஓபோல் 0.18 கிராம்தான், விரலிடுக்கில் நிற்காது. அரிஸ்டோபனீஸின் நாடகங்களில் சில்லறையை வாயில் அடக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். இந்தத் தொல்லைக்குச் சிசிலித் தீவும் தென் இத்தாலியும் கி.மு. 5-ம் நூற்றாண்டின் நடுவிலேயே வெண்கலத்தில் வழி கண்டன. அக்ரகாஸ் நகரத்தார் பல் வடிவத்தில் காசு வார்த்து, மதிப்பைப் புள்ளி வைத்துக் காட்டினார்கள். ஏதென்ஸ் தயங்கித் தயங்கி அடுத்த நூற்றாண்டில்தான் வெண்கலத்தைச் சாதாரணச் சில்லறையாக ஏற்றது.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. வெள்ளிக் காசில் இருப்பது வெள்ளியின் விலை. வெண்கலக் காசில் இருப்பது அடித்தவனின் வாக்கு. ஏதென்ஸின் தளபதி திமோதியஸ் ஒலிந்தோஸ் நகரத்தாரோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது வெள்ளி தீர்ந்துபோனது. வெண்கலத்தில் காசு அடித்துப் படைக்குச் சம்பளம் கொடுத்தார். சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். வணிகர்களைக் கூப்பிட்டு, “இந்தக் காசைக் கொடுத்து இந்த நாட்டு விளைச்சலையும் கொள்ளைப் பொருளையும் வாங்கிக்கொள்ளுங்கள், மீந்ததை என்னிடம் கொண்டுவந்தால் வெள்ளி தருகிறேன்” என்ற பொருளில் உறுதி கொடுத்தார். காசு செல்லுபடியானது. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பொருளியல் நூலில் இந்தக் கதை இருக்கிறது.

வாக்கு செல்லுகிற எல்லைதான் வெண்கலத்தின் எல்லை. ஏதென்ஸின் ஆந்தை பொறித்த வெள்ளிக் காசு எகிப்துவரை போனது; ஒரு சிற்றூரின் வெண்கலக் காசு பக்கத்து ஊர்ச் சந்தையைத் தாண்டினாலே அதிகம். அதனால்தான் அதில் அந்த ஊர் அப்படியே இருக்கிறது. எபெசஸ் காசில் தேனீயும் மானும்; ரோட்ஸ் தீவின் சின்னஞ்சிறு காசில் ரோஜா; ஏதோலியா கூட்டமைப்பின் காசில் ஈட்டி முனையும், புராணத்துக் கலிதோன் பன்றியின் தாடையெலும்பும். அழகுக்காக மட்டும் வாங்கினால் வெள்ளிதான் ஜெயிக்கும். ஓர் ஊரையோ ஓர் அரச வம்சத்தையோ படிக்க வாங்கினால் வெண்கலமே மேல். இந்தத் துறையில் நான் சொல்லக்கூடிய ஒரே பெரிய விஷயம் இதுதான்.

போலி பற்றிக் கேட்டீர்கள். உண்டு, ஏராளமாக. காசு பிறந்த விதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பலவற்றைப் பிடித்துவிடலாம். கீழ் அச்சு பட்டடையில். அதன்மேல் சுடவைத்த உலோக வில்லை. அதன்மேல் கையில் பிடித்த மேல் அச்சு. சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. அடி வாங்கிய உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். பத்து மடங்கு லென்ஸில் எழுத்துகளைச் சுற்றி அந்த ஓட்டத்தின் கோடுகள் தெரியும். ஓரத்தில் வெடிப்பும் இருக்கலாம். படம் நடுவிலிருந்து விலகி விழுந்திருப்பது குறையல்ல. அசல் காசை அச்செடுத்து வார்த்த போலியில் இந்த ஓட்டம் இருக்காது. பரப்பு சோப்புக்கட்டிபோல மழுங்கியிருக்கும், குமிழிப் புள்ளிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடம் கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். அக்ரகாஸின் பல் வடிவக் காசும், கருங்கடற்கரை ஓல்பியாவின் டால்பின் வடிவக் காசும் அக்காலத்திலேயே வார்க்கப்பட்டவை. எனவே வார்ப்பு என்றாலே போலி என்று தள்ளிவிட முடியாது. அடித்த காசுகளிலும், சிசிலியில் வில்லைகளைச் சரமாக வார்த்து நறுக்கியதால் ஓரத்தில் துருத்திய முளை இருக்கும். எகிப்தை ஆண்ட தாலமிகளின் பெரிய வெண்கலக் காசுகளில் இரு பக்கமும் நட்ட நடுவே ஒரு சிறு குழி இருக்கும். வில்லையைச் சீராக்கியபோது விழுந்தது அது, யாரும் துளைக்கப் பார்த்ததல்ல. எடையையும் ரொம்ப நம்ப வேண்டாம். வெள்ளியை ஒவ்வொன்றாக நிறுத்தார்கள். வெண்கலத்தில் இத்தனை உலோகத்துக்கு இத்தனை காசு என்று கணக்குப் பார்த்தார்கள். ஒரே வகையில் ஒரு கிராம் கூடக் குறைய இருப்பது சகஜம்.

முழுப் போலியைவிட வெண்கலத்தில் அதிகம் ஏமாற்றுவது செதுக்கு வேலைதான். அசல் காசு தேய்ந்திருக்கும். நுண் உளியால் தலைமுடியை மறுபடி கீறி, முகத்தைச் சுற்றிய வெளியை வழித்துச் சமமாக்கி, நல்ல விலைக்குத் தள்ளிவிடுவார்கள். எழுத்துகள் தேய்ந்து கிடக்க, முடி மட்டும் நேற்றுச் சீவியதுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள். பாலைவன மண் ஒட்டியதாகக் காட்டும் மணல் நிறப் பூச்சும் இப்படித்தான். அசிட்டோனில் நனைத்த பஞ்சுக்கு மணல் கையோடு வந்துவிட்டால் அது கோந்தால் ஒட்டியது.

கரூர் விஷயம். அமராவதி ஆற்றுப் படுகையில் அயல்நாட்டுக் காசுகள் கிடைத்தது உண்மை. ரோமானியக் காசுகள் மட்டுமல்ல, செலூசிட் அரசர்கள் முதலானோரின் காசுகளும் கிடைத்ததை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கரூரில் கிடைத்த ரோமானியமல்லாத அயல்நாட்டுக் காசுகளுக்கென்றே 2000-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். உண்மை இருக்கிற இடத்தில்தான் பொய்க் கதைக்கும் விலை ஏறும். ஐரோப்பாவில் மலிவாக வாங்கிய தேய்ந்த காசுக்கு ‘அமராவதியில் கிடைத்தது’ என்று ஒரு வரி சேர்த்தால் விலை பல மடங்கு. உங்களுக்குக் காட்டியவர் சொல்வது பொய்யென்றால் பணம் போகும். மெய்யென்றால் சட்டம் வரும். மண்ணில் புதைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே அவரிடம் வாங்காதீர்கள். உங்கள் மகன் கொண்டுவந்த காசையும் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிடலாம் என எண்ண வேண்டாம். முன்யோசனை வாங்குவதற்கு முன்பே இருக்கட்டும்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். ‘சுத்தம் செய்யாத காசு, கிலோ கணக்கில்’ என்று விற்கும் மூட்டைகளைத் தொட வேண்டாம். அவற்றில் பெரும்பகுதி மெட்டல் டிடெக்டரோடு இரவில் வயல் தோண்டுகிறவர்கள் எடுத்தவை. துருக்கிக்கோ கிரீஸுக்கோ சுற்றுலா போனால் இடிபாடுகளுக்கு அருகே சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டும் காசை வாங்கவே கூடாது. நாட்டைவிட்டு எடுத்து வந்தால் சிறைக்கும் வழியுண்டு. பழைய ஏலப் பட்டியலில் வந்தது, முந்தைய சேகரிப்பாளரின் சீட்டோடு இருப்பது என்று வரலாறு தெரிந்த காசை, ரசீது தரும் கடையில் வாங்கச் சொல்லுங்கள். தேய்ந்தாலும் படிக்கக் கிடைக்கும் பிலிப் காசோ, சிராகூஸ் அரசர் இரண்டாம் ஹீரோனின் பொசைடன் தலையும் திரிசூலமும் கொண்ட காசோ அங்கே சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஏலமென்றால் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் கட்டணமாக 20 சதவீதம் அளவுக்குச் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எதைச் சேர்ப்பது? கையில் ஏற்கெனவே நூலின் முனை இருக்கிறது; அதையே பிடித்துப் போங்கள். பிலிப்பின் குதிரைக்காரனுக்கு அடுத்தது அலெக்சாண்டரின் வெண்கலக் காசு. சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ் ஒரு பக்கம். தண்டாயுதமும் உறையிலிட்ட வில்லும் மறுபக்கம். அதற்கடுத்து கசாந்தர். அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸையும், மனைவி ரொக்ஸானாவையும், சிறுவனான மகனையும் ஒழித்துக்கட்டியவர் இவர்; பிலிப்பின் மகள் தெசலோனிகேயை மணந்து, அவள் பெயரில் ஒரு நகரமும் கட்டினார். அவருடைய காசைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் அலெக்சாண்டரின் ஹெராக்ளிஸ், மறுபக்கம் பிலிப்பின் குதிரைக்காரன். பிலிப்பின் காசில் வெறும் பெயர்தான். கசாந்தரின் இந்தக் காசில் பெயருக்கு முன்னால் ‘அரசன்’ என்று பட்டமும் சேர்ந்திருக்கிறது. பிறப்பால் அரசுரிமை இல்லாதவருக்குப் பட்டமும் வேண்டியிருந்தது, முன்னவர் இருவரின் படமும் வேண்டியிருந்தது. கி.மு. 3-ம் நூற்றாண்டில் அன்டிகோனஸ் கொனாட்டஸ் அரசராக வந்தபோதும் அதே ஹெராக்ளிஸ், அதே குதிரைக்காரன். பெயர் மட்டும் கூட்டெழுத்தாகச் சுருங்கிவிட்டது. நான்கே காசு. நூறாண்டு மாசிடோனிய அரசியலை வகுப்பில் பாடமாக நடத்திவிடலாம். நான்கும் பரவலாகக் கிடைக்கும் வகைகளே.

இது முடிந்து ஆசை மிச்சமிருந்தால் இந்தோ-கிரேக்கர்களிடம் வாருங்கள். முதலாம் அப்பொல்லோடோட்டஸ், மினாந்தர் முதலானோர் நம் முத்திரைக் காசுகளின் பழக்கத்தையொட்டிச் சதுரமாகவே வெண்கலக் காசு அடித்தார்கள். ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் பிராகிருதத்தைக் கரோஷ்டி எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதினார்கள். 1830-களில் ஜேம்ஸ் பிரின்செப் போன்றோர் கரோஷ்டியைப் படிக்கக் கற்றது இந்த இருமொழிக் காசுகளை வைத்துத்தான். இவற்றுக்கு 1991-ல் பாரிஸ் தேசிய நூலகத்தின் தொகுப்பை வைத்து அடிப்படை நூல் எழுதியவர் இலங்கையில் பிறந்த அறிஞர் ஒஸ்மண்ட் போபெயாரச்சி. ஆனால் இவற்றில் போலியும் திருட்டுத் தோண்டலும் மிகுதி. மாசிடோனியாவில் கண் பழகிய பிறகு இறங்குவதே நல்லது.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், இரு பக்கப் படம், எழுத்து, வாங்கிய இடம், தேதி, விலை, ரசீது எண், முந்தைய உரிமையாளர் பற்றித் தெரிந்தது எல்லாம் எழுதுங்கள். ஒரு பக்கத்துப் படத்தை நேராக வைத்து, காசைச் செங்குத்து அச்சில் திருப்பினால் மறுபக்கத் தலை கடிகாரத்தின் எந்த மணியைக் காட்டுகிறது என்பதையும் குறியுங்கள். காசு அடித்த நாணயச்சாலையை அடையாளம் காண அது உதவும். உங்கள் பிலிப் காசில் குதிரையின் கால்களுக்குக் கீழே ஒரு சிறு சின்னமோ ஓர் எழுத்தோ இருக்க வேண்டும். ஊறல் முடிந்து காசு உலர்ந்ததும் அந்த இடத்தையும் விளிம்பையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். சின்னம் தெளிவாகத் தெரிந்தால், அச்சிட்ட பட்டியல்களில் எந்த வரிசையில் வருகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.